ஹாண்டிலுக்குள்ளே என்ன இருக்கிறது?

காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் சுன்னாகம் சந்தியில் சற்று நேரம் நின்று பாருங்கள். காங்கேசன்துறை வீதியால் வருகின்ற இருசக்கர வாகனங்களில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாடசாலைக்குப் போகின்ற ஆசிரியைகள், வைத்தியசாலைக்குப் போகின்ற தாதியர், கிராம அலுவலர்கள், பிள்ளையை முன்னும் பின்னும் ஏற்றிச் செல்கின்ற தாய்மார், சந்தைக்குக் கீரைக்கட்டும் வாழைக்குலையும் கொண்டு வருகின்ற பெண்கள் என்று எண்ணிக்கை நீண்டுகொண்டே போகும். பஸ்ஸுக்குக் காத்திருந்த காலமும், 'யாராவது ஏற்றிக்கொண்டு போனால்தான்' என்றிருந்த காலமும் எமது பெண்களில் பலருக்கு மாறிவிட்டது. இது மகிழ்ச்சிக்குரிய மாற்றம்.

ஆனால் அந்தப் பெண்களிடம் இன்னொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "உங்கள் வாகனத்தின் ஹாண்டிலுக்குக் கீழே, அந்தக் கழுத்துக்குள் என்ன இருக்கிறது?" பெரும்பாலானோர் சிரிப்பார்கள். "அது கராஜ்காரருக்குத்தான் தெரியும்" என்பார்கள். பெற்றோல் அடிக்கத் தெரியும், காற்றுப் பார்க்கத் தெரியும். அதற்கு மேல் உள்ளது ஆண்களின் விடயம் என்று நாமே ஒதுக்கி வைத்திருக்கிறோம். இந்த ஒதுக்கல் எமது பணத்தையும், சில வேளைகளில் உடலையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதை ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் கதையைக் கொண்டு இங்கு சொல்ல விரும்புகிறேன்.

பழசு ஏன் இன்னும் ஓடுகிறது?

யாழ்ப்பாணத்தில் பழைய வாகனம் என்பது பொழுதுபோக்குப் பொருள் அல்ல. மேலை நாடுகளில் ஐம்பது வருடப் பழைய மோட்டார் சைக்கிளைத் துடைத்து மினுக்கிக் கண்காட்சிக்குக் கொண்டு போவார்கள். இங்கோ அதே வயதுடைய ஹொண்டா சி.90, எம்.டி.90, சாலி போன்றவை இன்றும் மூட்டை சுமக்கின்றன. 1958இல் ஜப்பானில் அறிமுகமாகிய ஹொண்டா சுப்பர் கப் வகையைச் சேர்ந்ததுதான் இந்த சி.90. 2017ஆம் ஆண்டில் அந்த வகையின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. உலகில் இத்தனை எண்ணிக்கையில் உற்பத்தியான வேறு மோட்டார் வாகனம் இல்லை. காலை அகட்டித் தாண்டாமல் நடுவால் ஏறி அமரக்கூடிய அமைப்பும், கிளச் பிடிக்கத் தேவையில்லாத கியரும் இருப்பதால் சேலை, பாவாடை உடுத்தவர்களுக்கும் இது வசதியான வாகனம்.

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் காணாமற் போயிற்று. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை ஸ்ராட் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடப் பழகினார்கள். உதிரிப்பாகம் கிடைப்பது அரிதாக இருந்ததால் ஒன்றைக் கழற்றி மற்றதில் பூட்டினார்கள். 2002இல் ஏ9 வீதி திறந்த பின்னர் புதிய இந்திய மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. அப்போது பழையவை கொட்டிலுக்குள் போயின. 2020இல் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழையவை மீண்டும் வெளியே வந்தன. 2022இல் கியூ.ஆர். அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று பெற்றோல் பங்கிடத் தொடங்கிய வேளையில், குறைந்த எண்ணெயில் கூடிய தூரம் ஓடுகின்ற இந்தச் சிறிய வாகனங்களுக்குப் புது மதிப்பு வந்தது. தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டாலும், புதியது வாங்குமளவு பணம் எல்லா வீட்டிலும் இல்லை. ஆகவே பழையதைப் பாதுகாப்பாக வைத்திருக்கும் அறிவு எமக்குத் தேவை.

ஓர் அக்காவின் அனுபவம்

நான் பணியாற்றும் பகுதியில் ஒரு மகளிர் குழு மாதந்தோறும் கூடுகின்றது. அதில் ஓர் அக்கா இருக்கிறார். கணவர் 2016இல் மாரடைப்பினால் இறந்துவிட்டார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டுக் காணியில் கீரையும் பயிற்றங்காயும் பயிரிட்டு விடியற்காலையில் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டு போகிறார். அவரிடம் இருப்பது மாமனார் 1980களில் வாங்கிய ஹொண்டா சி.90. 1995 ஐப்பசி இடப்பெயர்வின்போது அந்த மோட்டார் சைக்கிளைச் சாமான் மூட்டைகளுடன் தென்மராட்சிவரை உருட்டிச் சென்று, அடுத்த வருடம் திருப்பி உருட்டி வந்தார்களாம். கணவர் இறந்த பின்னர்தான் அக்கா அதை ஓடப் பழகி, அனுமதிப்பத்திரமும் எடுத்தார்.

2023இல் ஒரு கூட்டம் முடிந்த பின்னர் அவர் என்னிடம் சொன்னார்: "மிஸ், முன் பிறேக் பிடிச்சால் 'டக்' எண்டு ஒரு சத்தம் கேக்குது. நேர் ரோட்டிலை போகேக்கையும் ஹாண்டில் தன்பாட்டிலை ஒரு பக்கம் போகப் பாக்குது."

இதற்காக அவர் ஏற்கனவே மூன்று இடங்களுக்குப் போயிருந்தார். முதலாவது கராஜில் முன் ரயரை மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. இரண்டாவது இடத்தில் பிறேக் கட்டைகளை மாற்றினார்கள். சத்தம் போகவில்லை. மூன்றாவது இடத்தில் எதையும் கழற்றாமல் ஹாண்டிலுக்குக் கீழேயுள்ள பெரிய நட்டை இறுக்கிவிட்டார்கள். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் ஹாண்டில் கனத்துவிட்டது. அடுத்த நாள் விடியற்காலையில் ஓர் ஒழுங்கைக்குள் மெதுவாகத் திரும்பும்போது ஹாண்டில் உரிய நேரத்தில் திரும்பவில்லை. கூடையுடன் விழுந்து முழங்கால் உரசுப்பட்டது. ஒன்றரை மாதக் கீரைக் காசு கராஜ்களுக்குப் போயிற்று. மிச்சம் அந்தக் காயம்தான்.

"ரயர் எண்டினம், பிறேக் எண்டினம். எனக்கு என்ன தெரியும்? சொன்னதுக்குத் தலையாட்டினனான்" என்றார் அக்கா. இந்த வார்த்தைகளை வேறு வேறு பெண்களின் வாயிலிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். வைத்தியரிடம் போனால் எந்த இடத்தில், எப்படி, எப்போது வலிக்கிறது என்று சொல்கிறோம். வாகனத்தின் நோவைச் சொல்ல எமக்குச் சொற்கள் இல்லை. சொற்கள் இல்லாத இடத்தில் மற்றவர் சொல்வதுதான் முடிவாகிறது.

கழுத்துக்குள் இருப்பது

பிறகு சுன்னாகத்துக்கு அருகில் தமது வீட்டு முற்றத்துக் கொட்டிலில் பழைய மோட்டார் சைக்கிள்களை மட்டும் திருத்துகின்ற ஒரு முதியவரிடம் அக்காவும் நானும் போனோம். அவர் கழற்றுவதற்கு முன்னர் பார்த்தார். வாகனத்தை நடுத்தாங்கியில் நிறுத்தி, இயந்திரத்துக்குக் கீழே ஒரு மரப்பெட்டியை வைத்து, முன்சில்லு நிலத்தில் படாமல் உயர்த்தினார். அக்காவைச் சில்லுக்கு முன்னால் குந்தியிருந்து போர்க்கின் இரண்டு கால்களையும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னார். என்னுடைய விரலை ஹாண்டிலுக்குக் கீழேயுள்ள இணைப்பில் வைக்கச் சொன்னார். நட்டை முதலில் பழைய நிலைக்குத் தளர்த்தியிருந்ததால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரலுக்குக் கீழே 'டக், டக்' என்று ஓர் அசைவு தெரிந்தது.

பின்னர் ஹாண்டிலை ஒரு விரலால் மெல்ல இடமும் வலமும் திருப்பச் சொன்னார். நேராக வரும் இடத்தில் அது ஒரு குழிக்குள் விழுந்ததுபோல் நின்றது.

"கண்டியோ பிள்ளை, நடுவிலை பிடிக்குது. கிண்ணத்திலை குழி விழுந்திட்டுது. இதை எவ்வளவு இறுக்கினாலும் சரிவராது" என்றார்.

உள்ளே இருப்பது மிகவும் எளிமையான ஏற்பாடு. வாகனச் சட்டத்தின் முன்பகுதியில் ஒரு குழாய் இருக்கிறது. அதுதான் கழுத்து. போர்க்கின் மேற்பகுதியில் உள்ள தண்டு அந்தக் குழாய்க்குள்ளால் மேலே வருகிறது. குழாயின் மேல் வாயிலும் கீழ் வாயிலும் உருக்கினால் செய்த இரண்டு கிண்ணங்கள் இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். தண்டில் அவற்றுக்கு எதிரே இரண்டு கோன்கள். கிண்ணத்துக்கும் கோனுக்கும் நடுவே வட்டமாகச் சிறு உருக்குக் குண்டுகள். சைக்கிளின் கழுத்திலும் இதே ஏற்பாடுதான். பழைய வகைகளில் இந்தக் குண்டுகள் கூட்டுக்குள் அடைபட்டிருக்காது. தனித்தனிக் குண்டுகளாகக் கிறீஸில் ஒட்டி இருக்கும். எத்தனை குண்டு, என்ன அளவு என்பது வாகனத்துக்கு வாகனம் மாறும். உதாரணமாக, சென்னையில் 1955இலிருந்து தயாரிக்கப்பட்டுவந்த என்ஃபீல்ட் புல்லட்டின் பழைய வகைகளில் கால் அங்குலக் குண்டுகள் மேலே 19, கீழே 19 இருக்கும். சில வாகனங்களில் மேலே உள்ள குண்டும் கீழே உள்ள குண்டும் அளவில் வேறுபடும். ஆகவே கழற்றும்போது மேல் குண்டுகளையும் கீழ் குண்டுகளையும் வேறு வேறு பேணிகளில் போட்டு எண்ணி வைக்கவேண்டும்.

நாம் ஹாண்டிலை நேராகப் பிடித்து ஓடுவதுதான் அதிகம். எனவே ஒவ்வொரு குண்டும் எப்போதும் ஏறக்குறைய ஒரே இடத்திலேயே தங்கி நிற்கிறது. பள்ளத்தில் சில்லு விழும் ஒவ்வொரு முறையும் அந்த அடி குண்டின் வழியாகக் கிண்ணத்தின் அந்த ஒரே இடத்தில் இறங்குகிறது. கிறீஸ் காய்ந்து, மாரிமழை நீர் உள்ளே போய்த் துருவும் சேர்ந்தால் வருடக்கணக்கில் அங்கே சிறு குழிகள் விழும். நிலத்திலிருந்து வரும் அடி முதலில் கீழ்க் கிண்ணத்தில் படுவதால் பெரும்பாலும் அதுதான் முதலில் கெடும். ஹாண்டிலில் கனமான பைகளைத் தொங்கவிட்டு ஓடுவதும், சேர்விஸ் செய்யும்போது கழுத்துக்குள் வேகமான நீரைப் பாய்ச்சுவதும் இதை விரைவுபடுத்தும்.

தளர்ந்திருந்தால் பிறேக் பிடிக்கும்போது 'டக்' சத்தமும் ஹாண்டில் நடுக்கமும் வரும். மிக இறுகியிருந்தால் சத்தம் இராது. ஆனால் மெதுவாக ஓடும்போது வாகனம் பாம்புபோல் நெளியும், திருப்பத்தில் பிடிவாதம் செய்யும். அக்கா விழுந்ததற்கு அதுதான் காரணம். இரண்டாவது நிலை சத்தமில்லாமல் இருப்பதால் அது சரியாகிவிட்டது என்று நாம் நம்பிவிடுகிறோம்.

திரும்பப் பூட்டிய நாள்

புதிய கிண்ணம், கோன், குண்டுத் தொகுதியை யாழ்ப்பாண நகரில் வாங்கிக்கொண்டு மறுநாள் போனோம். முதியவர் ஒரு நிபந்தனை போட்டார். "நான் பூட்டித் தாறன். ஆனால் தங்கச்சி பக்கத்திலை இருக்கவேணும். குண்டு அடுக்கிறது அவவின்ரை வேலை."

கழற்றும்போது கேபிள்களும் வயர்களும் எந்த வழியால் போகின்றன என்று அக்கா தமது கைபேசியில் படம் எடுத்தார். முன்சில்லு, ஹாண்டில், ஹெட்லைற் ஆகியவை ஒவ்வொன்றாக வந்தன. கீழே ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்துவிட்டுத்தான் கழுத்து நட்டைக் கழற்றினார். ஒருவர் போர்க்கைத் தாங்கிப் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் அது சட்டென்று கீழே இறங்கிக் குண்டுகள் முற்றமெல்லாம் சிதறும். கிறீஸ் பழம்புளிபோல் இறுகிக் கறுத்திருந்தது. குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவினோம். அப்போதுதான் உண்மை தெரிந்தது. மேல் கிண்ணத்தில் மூன்று குண்டுகள் நிற்கக்கூடிய இடைவெளி வெறுமையாக இருந்தது. இருந்தவற்றிலும் சில மற்றவற்றைவிடச் சற்றுச் சிறியவை.

"இது சைக்கிள் குண்டு. இல்லாத காலத்திலை ஆரோ போட்டுச் சமாளிச்சிருக்கினம். அண்டைக்கு அது கெட்டித்தனம். இண்டைக்கும் அப்பிடியே விடக்கூடாது" என்றார் முதியவர். சிறிய குண்டு பாரத்தைத் தாங்காது. அதன் பங்கையும் பக்கத்திலுள்ள பெரியவை சுமந்து, அவற்றின் இடத்தில் குழி விரைவாக விழும். குண்டு மாற்றுவதானால் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றவேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

பழைய கிண்ணத்தின் உட்புறத்தில் அக்கா நகத்தால் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு குழியிலும் நகம் தடக்கியது. பழையவற்றை உள்ளிருந்து தட்டி எடுத்துவிட்டுப் புதிய கிண்ணங்களை ஏற்றினார்கள். இந்த வேலை முதியவருடையது. சுத்தியலால் கிண்ணத்தில் நேரடியாக அடிக்கக்கூடாது, ஒரு கட்டையை வைத்து எல்லாப் பக்கமும் சமமாக இறங்கும்படி மெல்லத் தட்டவேண்டும், சரிந்து இறங்கினால் ஹாண்டில் ஒருபோதும் சீராகத் திரும்பாது என்று சொல்லிச் சொல்லிச் செய்தார்.

அதன் பின்னர் அக்காவின் முறை. கிண்ணத்தில் தாராளமாகக் கிறீஸ் பூசி, அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தார். கீழ்ப்பகுதிக்குரிய குண்டுகளைத் தண்டில் உள்ள கோனைச் சுற்றி அதே விதமாக ஒட்டினார். கிறீஸ் அவற்றை விழாமல் பிடித்துக்கொண்டது. வருடக்கணக்காகக் கீரை நாற்றுப் பிடுங்கி நட்ட விரல்களுக்கு அது புதிய வேலையாகத் தெரியவில்லை. வட்டம் நிறைந்தபோது ஒரு குண்டின் அகலத்துக்கும் குறைவான சிறு இடைவெளி மிஞ்சியது. "இன்னொண்டு வைக்கட்டோ?" என்று கேட்டார். "வேண்டாம். அதுகள் உருள இடம் வேணும். நெரிச்சு வைச்சால் ஒண்டையொண்டு உரசித் தேயும்" என்றார் முதியவர்.

போர்க்கை நேராக, சாயாமல், மெதுவாக மேலே தூக்கினார்கள். மேல் கோன் கையால் சுற்றப்பட்டது. இனி இறுக்கம் பார்ப்பதுதான் மிச்சம். முதலில் புதிய பாகங்கள் அமர்வதற்காகச் சற்றுக் கூடுதலாக இறுக்கினார். போர்க்கை இடது எல்லையிலிருந்து வலது எல்லைவரை பல தடவை திருப்பினார். பிறகு நட்டைச் சிறிதளவு, ஏறக்குறைய எட்டில் ஒரு சுற்று, தளர்த்தினார். மேலேயுள்ள பூட்டு நட்டை இறுக்கும்போது அது கீழே உள்ளதையும் சற்று அழுத்தும். எனவே அதை இறுக்கிய பின்னர் மறுபடியும் பார்க்கவேண்டும். இரண்டு முறை கழற்றிச் சரிபார்த்தார். முடிவில், சில்லு உயர்ந்திருக்க, ஹாண்டிலை நடுவில் வைத்து அக்காவை ஒரு விரலால் தட்டச் சொன்னார். அது தன்பாட்டில் நழுவிப் போய் எல்லையில் நின்றது. மற்றப் பக்கமும் அப்படியே. போர்க்கைப் பிடித்து ஆட்டினால் அசைவு இல்லை. ஆடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. இந்த இரண்டும் ஒன்றாக அமைந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

எல்லாம் சேர்ந்து அரைநாள் வேலை. அந்தச் சிறு பெட்டிக்குள் வந்த பாகங்களுக்கும் முதியவரின் கூலிக்கும் கொடுத்த பணம், முன்னர் மாற்றிய ரயரின் விலையைவிடக் குறைவு.

அறிவு யாருடைய கையில்?

சமூகவியல் படித்த காலத்தில் சிந்தியா கொக்பேர்ன் என்ற பிரித்தானிய ஆய்வாளரின் கருத்துகள் என்னைக் கவர்ந்தன. தொழிற்சாலைகளையும் அலுவலகங்களையும் ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட நூலில் அவர் ஒரு விடயத்தைச் சுட்டிக்காட்டினார். புதிய இயந்திரங்கள் வந்தபோது அவற்றை இயக்குகின்ற வேலை பெண்களுக்கும் கிடைத்தது. ஆனால் இயந்திரத்தைத் திறந்து திருத்துகின்ற அறிவு ஆண்களிடமே தங்கியது. கூலியும் மதிப்பும் அந்த அறிவின் பக்கமே நின்றன. எமது வீதிகளில் நடப்பதும் இதுதான். ஓட்டுகின்ற உரிமை எமக்குக் கிடைத்துவிட்டது. உள்ளே என்ன என்று அறிகின்ற உரிமையை நாம் இன்னும் கேட்கவில்லை.

இது பெண்களின் இயல்புக்கு அப்பாற்பட்ட விடயமா? 1934 மார்கழியில் தெரேசா வொலக், புளோரன்ஸ் பிளென்கிரன் என்ற இரு பெண்கள் லண்டனிலிருந்து 600 சீ.சீ. பாந்தர் மோட்டார் சைக்கிளில், பக்கவண்டியும் இழுவைப் பெட்டியும் பூட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். சகாரா பாலைவனத்தைக் கடந்து 1935 ஆடியில் தென்னாபிரிக்காவின் கேப்டவுனை அடைந்தார்கள். வழியில் இயந்திரம் பழுதானபோது ஆபிரிக்காவின் நடுவில் அதை முழுதாகக் கழற்றிப் பூட்டினார்கள். பொறியியல் படித்த வொலக் பின்னாளில் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழக்கும் பள்ளியையும் நடத்தினார். ஏறக்குறைய 90 வருடங்களுக்கு முந்திய கதை இது.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. இடியப்ப உரலின் ஆணி தளர்ந்தால் இறுக்குவது யார்? தையல் இயந்திரத்தின் ஊசி நூலை அறுத்தால் திருகாணியை அரைச்சுற்றுத் திருப்பி இழுவையைச் சரிசெய்வது யார்? எட்டில் ஒரு சுற்றின் அருமை எமது கைகளுக்குத் தெரியும். அது மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும் என்று எவரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

நாமே பார்க்கக்கூடியவை

ஸ்ரியறிங் கழுத்தைத் தனியே கழற்றிப் பூட்டுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அது பழக்கமும் கருவிகளும் வேண்டிய வேலை. பிழையாகப் பூட்டினால் உயிராபத்து. ஆனால் சோதித்துப் பார்ப்பது யாராலும் முடியும். மாதத்தில் ஒரு நாள், இரண்டு பேராக, பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

1. வாகனத்தை நடுத்தாங்கியில் சமநிலத்தில் நிறுத்துங்கள். முன்சில்லு உயரும்படி இயந்திரத்தின் கீழே உறுதியான கட்டையை வையுங்கள். ஒருவர் வாகனத்தைப் பிடித்துக்கொள்ளட்டும்.

2. ஹாண்டிலை ஒரு விரலால் இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். எங்காவது பிடிக்கிறதா, குறிப்பாக நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். கேபிள் இழுப்பதால் பிடிக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

3. போர்க்கின் கீழ்ப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மற்றவரின் விரல் கழுத்து இணைப்பில் இருக்கட்டும். அசைவு தெரிந்தால் தளர்வு உண்டு.

4. ஓடும்போது முன் பிறேக்கில் 'டக்' சத்தம், ஹாண்டில் நடுக்கம், மெதுவான ஓட்டத்தில் நெளிவு ஆகியவற்றில் எது, எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

5. கராஜில் "ஹாண்டில் ஒரு மாதிரி" என்று சொல்லாதீர்கள். "கழுத்துக் குண்டைப் பாருங்கோ, நடுவிலை பிடிக்குது" என்று சொல்லுங்கள். கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

6. புதிதாகப் பூட்டிய பின்னர் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் இறுக்கத்தை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். புதிய குண்டுகள் அமரும்போது சிறிது தளர்வு வருவது வழமை.

7. கனமான பைகளை ஹாண்டிலில் தொங்கவிடாதீர்கள். கழுவும்போது கழுத்துக்குள் நீரைப் பாய்ச்சாதீர்கள்.

பக்கத்தில் நிற்பது சில கராஜ்களில் எளிதல்ல என்பதும் உண்மை. ஆண்கள் மட்டும் கூடுகின்ற இடம், ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், இருக்க ஒரு கதிரைகூட இல்லை என்று எமது குழுப் பெண்கள் சொல்கிறார்கள். இரண்டு பேராகப் போவது இதற்கு நல்ல வழி. கேள்வி கேட்கும் வாடிக்கையாளரை விரும்புகின்ற நேர்மையான தொழிலாளர்கள் எமது ஊர்களில் பலர் இருக்கிறார்கள். அந்த முதியவரும் அப்படிப்பட்டவர்தான். "பாக்கிற ஆள் பக்கத்திலை நிண்டால் என்ரை வேலையும் திருத்தமாய் வரும்" என்றார்.

எமது குழுவில் இப்போது மாதக் கூட்டம் முடிந்ததும் வாகனம் வைத்திருப்போர் முற்றத்தில் நின்று இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். சொல்லிக் கொடுப்பவர் அந்த அக்காதான். இதுவரை இரண்டு வாகனங்களின் தளர்வை நேரத்தோடு கண்டுபிடித்திருக்கிறார். இதைப் பார்த்த ஒரு தாய் என்னிடம், "என்ரை மகளுக்கு இந்த வேலையிலை விருப்பமாக் கிடக்கு, பழக்கலாமோ மிஸ்?" என்று கேட்டார். பழக்கலாம். எமது நாட்டின் தேசிய தொழிற் தகைமை முறையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் பயிற்சிக்கும் சான்றிதழ் உண்டு. பெண்பிள்ளைகள் விண்ணப்பிக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தையல், மனைப்பொருளியல், கணினி என்று நாம் போடுகின்ற பட்டியலில் இதையும் சேர்த்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்ப்பது பெற்றோராகிய, சமூகப் பணியாளராகிய எமது கடமை. ஒரு பெண் நடத்துகின்ற கராஜ் சுன்னாகத்தில் இருந்தால், அங்கே போய்ப் பக்கத்தில் நிற்க எத்தனை பெண்கள் வருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சகோதரிகளே, இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாகனத்தின் முன்சில்லை உயர்த்தி வையுங்கள். மகளையும் கூப்பிடுங்கள். ஒரு விரலால் ஹாண்டிலைத் தட்டிவிட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று இருவருமாகப் பாருங்கள்.